ஆறாவது புள்ளி

“ஆள் இல்லக்கா. கீழே போய் சூடா ஒரு டீ குடிச்சா மூளையாவது வேலை செய்யும்” என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வாயை மூடத் தெரியாத பிள்ளைக்குத் தெரு வைத்த பெயர். துப்பறிவாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்த அன்று, “உன் பேர் என்னப்பா?” என்று அவர் கேட்டதற்கும் அவன் அதையேதான் சொன்னான். அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

துப்பறிவாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. தோளில் துணிப்பை, காலில் சத்தம் போடாத செருப்பு. ரேடியோவின் டீ ஆசையைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பூட்டிக் கிடந்த கதவுக்குப் பக்கத்தில் இருந்த மின் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மீட்டர் விளக்கோ, மதியத் தூக்கத்தில் இருப்பதுபோல எப்போதாவது ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது.

“வீட்ல ஆளே இல்லைன்னா இவ்வளவு கரண்டையும் யார் குடிக்கிறா?”

“ஃபிரிட்ஜா இருக்கும்.”

“இந்த ஓட்டம் ஓட பத்து ஃபிரிட்ஜ் வேணும். உள்ளே பெரிய கம்ப்யூட்டர் ஓடுது. அது ஓடுற வீட்டை விட்டு இவர் எங்கேயும் போகமாட்டார்.” கதவை மறுபடி தட்டினார். குரலைச் சற்றே உயர்த்தினார். “தம்பி, நான் போலீஸ் இல்ல. உங்க கணக்கு தப்புன்னு சொல்ல வரல. சரியா தப்பான்னு கேட்கத்தான் வந்தேன்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

கதவு திறப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் எல்லையில் ஐந்து மாடிச் சரக்குக் கிடங்கு ஒன்று உண்டு. போன மாதம் அதன் உச்சி மாடியில் தீப்பிடித்தது. கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் கீழே விரட்டிவிட்டு, தீயணைக்கும் குழாயை வாங்கிக்கொண்டு தனியாளாக நின்றார். தண்ணீர் பாயவில்லை, ஒழுகியது என்று கடைசியாகப் படியிறங்கியவர்கள் சொன்னார்கள். அவர் திரும்பி வரவில்லை.

பழி யார் தலையில் விழுந்தது? கீழே பம்ப் அறையில் இருந்த பம்ப்காரர் தலையில். போலீஸ் சொன்ன காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. கிடங்கைத் திறப்பதற்கு முன்பே குழாயைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உச்சி மாடிக்கு இவ்வளவு அழுத்தம் வரும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டிச் சொன்னதும், பிறகு அளந்து பார்த்ததும் அச்சு அசலாக ஒத்துப்போயிருக்கின்றன. அப்படியானால் குழாய் நல்ல குழாய். பம்ப்காரர்தான் வால்வைச் சரியாகத் திறக்கவில்லை. “முழுசா திறந்தேன் ஐயா, என் பிள்ளைங்க மேல சத்தியமா” என்று அந்தப் பெரியவர் கதறியதெல்லாம் காற்றோடு போயிற்று. நாளை காலை அவரைக் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துப்பறிவாளரை அமர்த்தியவர் பம்ப்காரரின் ஆள் இல்லை. இறந்துபோன பாதுகாப்பு அதிகாரியின் மனைவி. “என் புருஷனைக் கொன்னவன் தப்பிச்சுடக் கூடாது மேடம். அவன் வால்வைத் திறக்கலைன்னு நிரூபிச்சுக் குடுங்க” என்பதுதான் அவர் கேட்டது. துப்பறிவாளரும் சரி என்றுதான் கிளம்பினார். ஆனால் லாக்கப்பில் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லோரும் அந்த ‘அச்சு அசல்’ ஒன்றின் மேல்தான் ஏறி நிற்கிறார்கள். அதைத் தட்டிப் பார்த்தவர் யாருமில்லை. அதனால்தான், அழுத்தத்தைக் கணக்குப் போட்டுச் சொன்ன பொறியாளரைத் தேடி இந்த மூன்றாவது மாடிக்கு வந்திருந்தார்.

கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பல நாள் தாடி. வெளிச்சத்தைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

“உட்காருங்க” என்றவர் சுற்றும்முற்றும் பார்த்தார். வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. துப்பறிவாளரின் பார்வை தானாகவே அடுப்படிக்குப் போயிற்று. கழுவும் தொட்டியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி.  துப்பறிவாளர் வீட்டுத் தொட்டியிலும் இதே மூன்றுதான் கிடக்கும். மகள் தூர தேசத்தில். பேச்சுக்குரல் கேட்கட்டுமே என்று டி.வி.யை ஓடவிட்டுக்கொண்டு சமைப்பவர் அவர். ஒற்றை ஆள் வீட்டைக் கண்டுபிடிக்க அவருக்குத் துப்பறியும் திறமை தேவையில்லை.

அறை வெக்கையாக இருந்தது. மேசைக்கடியில் பெரிய பெட்டி ஒன்று விடாமல் இரைந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு குழாய். பம்ப் பக்கம் செக்கச்செவேல் என்று தொடங்கி, மாடி மாடியாக ஏறி, முனையில் நீலமாக முடிந்தது.

“என்ன சார், குழாய்க்குக் காய்ச்சலா? ஒரு பக்கம் இப்படிச் சிவந்திருக்கு?” என்றான் ரேடியோ.

“சிவப்புன்னா அழுத்தம் அதிகம். நீலம்னா குறைச்சல்.” பொறியாளருக்குக் குரல் கம்மியிருந்தது, பேசியே நாளானவர்போல. “தண்ணி போகப் போக சுவரோட உரசும். திருப்பத்துல சுழலும். ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம் இறங்கும். கடைசியில எவ்வளவு மிஞ்சும்னு, குழாயை மாட்டுறதுக்கு முன்னாடியே சொல்றது என் வேலை.”

“ஜோசியம்!”

“ஜோசியக்காரர் திரும்பிச் சரிபார்க்கமாட்டார். நாங்க பார்ப்போம். குழாய்க்குள்ள இருக்கிற இடத்தை லட்சக்கணக்கான குட்டிக் கட்டமா வெட்டிடுவோம். ஒவ்வொரு கட்டத்துலயும் தண்ணிக்கு என்ன வேகம், என்ன அழுத்தம்னு கம்ப்யூட்டர் போடும். பக்கத்துக் கட்டத்தோட ஒத்துவரலைன்னா திரும்பப் போடும். எல்லா கட்டமும் ஒத்துப்போற வரைக்கும் விடாது.”

“எங்க வீட்ல பாகம் பிரிக்கிற மாதிரி. தாத்தா காலத்துல ஆரம்பிச்சாங்க, இன்னும் ஒத்துவரல.”

பொறியாளர் சிரிக்கவில்லை. துப்பறிவாளர் அவனை ஒரு பார்வை பார்த்தார். ரேடியோவின் ஒலி தாழ்ந்தது.

“இப்ப எதுக்குத் தம்பி இது ஓடுது? கட்டடம் கட்டி ஒரு வருஷம் ஆச்சே?”

“எங்கே தப்பு பண்ணேன்னு தேடறேன் மேடம்.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தீப்பிடிச்ச மறுநாள் வேலையை விட்டுட்டேன். அன்னியிலேருந்து திருப்பித் திருப்பி ஓட்டறேன். கட்டத்தைச் சின்னதாக்கினேன். குழாய் உள்சுவர் சொரசொரப்பை மாத்தினேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வருது. தண்ணி பாயணும். நல்லாவே பாயணும். ஆனா ஒரு மனுஷன் செத்துட்டாரே.”

“அளந்து பார்த்தப்போ ஒத்துப்போச்சுன்னு சொல்றாங்களே?”

பொறியாளர் சுவரைக் காட்டினார். வெறும் சுவரில் ஒரே ஒரு தாள். அதில் இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு நீலக்கோடு. அது அவர் கணக்கு. கோட்டின் மேல் ஆறு சிவப்புப் புள்ளிகள். அவை கிடங்கில் அளந்து பார்த்தவை. ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து மயிரிழை மேலேயோ கீழேயோ உட்கார்ந்திருந்தது. மாடிக்கு ஒரு புள்ளி, கடைசியாகக் குழாயின் முனையில் ஒன்று. எந்தப் புள்ளி பம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அடியில் குறித்திருந்தது.

“இவ்வளவு பக்கத்துல வந்து உட்காரும்னு நானே நினைக்கல. எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு இதுதான். அதான் ஒட்டி வச்சேன்.”

“கிடங்கை நேர்ல பார்த்திருக்கீங்களா?”

“இல்ல மேடம். வரைபடம் வந்துது. கணக்கை அனுப்பினேன். நான் எங்கேயும் போறதில்ல.”

ரேடியோவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. திரைக்கு முன்னால் குனிந்து, “ஏன் சார், கட்டடத்துச் சுவர் இங்கேயே முடியுது, குழாய் மட்டும் அது பாட்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு? வாலா?” என்றான்.

முதல்முறையாகப் பொறியாளர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “நாங்களும் வால்னுதான் சொல்வோம். நிஜத்துல அது கிடையாது. முனையிலேயே கணக்கை நிறுத்தினா, அங்கே சுழல்ற தண்ணி கம்ப்யூட்டரைக் குழப்பிடும். வெளியே போன தண்ணி திரும்ப உள்ளே வர்ற மாதிரிகூட காட்டும். ஓட்டம் அடங்கட்டும்னு கொஞ்சம் குழாயை நீட்டி விடுவோம். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்யறதுதான், தனியா யார்கிட்டயும் சொல்லக்கூட மாட்டோம்.”

துப்பறிவாளர் சுவரிலிருந்த தாளை போனில் படமெடுத்துக்கொண்டார். வாசல் வரை வந்தவர் நின்றார். “ஜன்னலைத் திறந்து வைங்க தம்பி. கம்ப்யூட்டருக்காக இல்ல, உங்களுக்காகச் சொல்றேன்.”

கிடங்கில் ஒரே ஒரு காவலாளி இருந்தார். இறந்தவரின் மனைவி எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியேறுகையில் ரேடியோ மூச்சு வாங்கிக்கொண்டே குழாயைத் தடவிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு மாடியிலும், அழுத்தமானியை மாட்டுவதற்கென்று விட்ட சின்னத் துளை ஒன்று பித்தளை மூடியோடு இருந்தது.

“ஒண்ணு. ரெண்டு. தூரமெல்லாம் தாள்ல இருக்கிற மாதிரியே வருதுக்கா. இவ்வளவு ஒழுங்கான கேஸை நான் பார்த்ததே இல்ல. போரடிக்குது.”

ஐந்தாவது மாடிக்கு வந்ததும் அவன் வாய் தானாக அடங்கிப்போயிற்று. கூரையும் சுவரும் கரி பிடித்துக் கிடந்தன. ஐந்தாவது மூடி மாடிப்படியை ஒட்டியிருந்தது. அங்கிருந்து குழாய் கூரையை ஒட்டியே எதிர்ச்சுவர் வரை ஓடி, சுவரோரம் இறங்கி முடிந்தது. அந்த முனைக்குக் கீழேதான் அவர் நின்றிருக்கிறார். துப்பறிவாளர் அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தார். நாலாபக்கமும் அவ்வளவு பெரிய கூடம். கூப்பிட்டால் கேட்க ஒருவர் இல்லாமல் அந்த மனிதர் எத்தனை நேரம் இந்தக் குழாயை நம்பிக்கொண்டு நின்றாரோ என்று நினைத்துக்கொண்டார்.

“அக்கா, இங்கே பாருங்க. இந்த உத்திரம் குறுக்கே வந்ததும் குழாய் பயந்துபோய்ச் சுத்தி வளைச்சுக்கிட்டு ஓடுது.”

உண்மைதான். கூரையின் குறுக்கே போன தடித்த கான்கிரீட் உத்திரத்தைத் தாண்ட, குழாய் இறங்கி, திரும்பி, ஏறி, மறுபடி திரும்பியிருந்தது. அதுமட்டுமா? அந்த இடத்தில் மாட்டியிருந்த துண்டு மற்றதைவிட மெல்லிசு. பொறியாளரின் திரையில் அந்த இடத்தில் குழாய் நேர்க்கோடாகப் போனது துப்பறிவாளருக்கு நன்றாக நினைவிருந்தது.

“இதை அளந்தவங்க பார்க்கலையா?” என்றார் தனக்குத்தானே. “இவ்வளவு வளைவை வச்சுக்கிட்டு புள்ளி எப்படிக் கோட்டு மேல உட்காரும்? ரேடியோ, டேப்பை எடு. அஞ்சாவது மூடியிலேருந்து ஆறாவது புள்ளி வரைக்கும் அள.”

ரேடியோ எங்கிருந்தோ ஓர் ஏணியை இழுத்து வந்தான். வளைவு நெளிவையெல்லாம் சேர்த்து, முனை வரை டேப்பைப் பிடித்தான். போனிலிருந்த படத்தைப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

“எட்டலக்கா. குழாய் முடிஞ்சுபோச்சு, தூரம் முடியல. இன்னும் ஒரு பஸ் நீளம் போகணும்.”

“போ.”

“எங்கே போறது? சுவர் இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வானம்.” அவன் கண்ணாடி இல்லாத ஜன்னலில் தலையை நீட்டி எட்டிப்பார்த்தான். கீழே தெருவில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. “ஆறாவது அளவை எடுத்தவருக்கு இறக்கை இருந்திருக்கணும். இல்லைன்னா கயிறு கட்டித் தொங்கியிருக்கணும்.”

துப்பறிவாளர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“வால்” என்றார்.

“எந்த வால்?”

“நீ கேட்டியே, அந்த வால். ஆறாவது புள்ளி அதோட நுனியில உட்கார்ந்திருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் இருக்கிற குழாயில போய் யாரோ மானியை மாட்டி அளந்திருக்காங்க!”

ரேடியோ வாயைப் பிளந்தான். பிறகு ஒரு துள்ளுத் துள்ளினான். “அப்போ யாருமே அளக்கல! மாடிக்கு ஒண்ணு, கடைசி முனையில ஒண்ணுன்னு நீலக்கோட்டைப் பார்த்து எழுதியிருக்கான். கோடு முடியற இடம்தான் குழாய் முடியற இடம்னு நினைச்சுட்டான். வால் இருக்கிறது அவனுக்குத் தெரியாது!”

“எல்லாத்தையும் ஒரு மயிரிழை மேல கீழ தள்ளி வச்சிருக்கான், நிஜம் மாதிரி இருக்கட்டும்னு. ஒத்துவரலைன்னாதான் எல்லாரும் தோண்டித் துருவுவாங்க. ஒத்துவந்ததை யார் ரெண்டாவது தடவை பார்க்கிறா? அந்தத் தம்பியே பார்க்கலையே.”

“காண்ட்ராக்டர்தான்க்கா! மெல்லிசுக் குழாயை மாட்டிட்டு, மாட்டிக்கக் கூடாதேன்னு புள்ளியையும் வச்சுட்டான். அவன் குடுமி இப்ப நம்ம கையில!”

துப்பறிவாளர் அவசரப்படவில்லை. உத்திரத்தடியில் குழாயை நாலு பக்கமும் படமெடுத்து, தடிமனையும் அளந்து, பொறியாளருக்கு அனுப்பிவிட்டு போன் போட்டார். “தம்பி, நிஜக் குழாய் இப்படி இருக்கு. இதை உங்க கணக்குல போட்டுப் பாருங்க.”

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “கட்டத்தைக் கொஞ்சம் பெருசா வெட்டி ஓட்டறேன் மேடம். சீக்கிரம் வந்துடும்.”

கிடங்கு வாசலுக்கு எதிரே இருந்த கடையில் ரேடியோவுக்கு ஒருவழியாக டீ கிடைத்தது. துப்பறிவாளர் வாங்கிய டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. ரேடியோ மூன்றாவது பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பொறியாளர் பேச முயன்றார், குரல் உடைந்தது.

“தண்ணி பாயாது மேடம். அந்தத் திருப்பத்துலயே எல்லா அழுத்தமும் போயிடுது. பம்பை முழுசா ஓட்டி, வால்வை முழுசா திறந்தாலும் முனையில ஒழுகும், அவ்வளவுதான். அன்னிக்கு அப்படித்தானே ஆச்சு? ஒழுகிச்சுன்னுதானே சொன்னாங்க?”

“அப்படித்தான் தம்பி.”

“அப்போ நான் தப்பு பண்ணல.” சொல்லிவிட்டு அவர் விசும்பி விசும்பி அழுதார். ஒரு மாதமாக யாரிடமும் அழ முடியாமல் அடக்கி வைத்திருந்த அழுகை. துப்பறிவாளர் அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் ஆறாவது புள்ளியின் கதையைச் சொன்னார். 

“உங்களுக்கு அந்த ஆறு அளவையும் அனுப்பினது யாரு? காண்ட்ராக்டரா?”

“இல்ல மேடம். அவருக்கு இதுல வேலையே இல்ல. சோதிக்கிற பொறுப்பு கிடங்கோட பாதுகாப்பு அதிகாரிக்குத்தான். இறந்துபோனாரே, அவருக்கு. அவரேதான் அனுப்பினார்.”

ரேடியோவின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

“அனுப்பிட்டு போனும் பண்ணினார். ‘தம்பி, உங்க கணக்கு பிரமாதம், அச்சு அசலா இருக்கு’ன்னார். சாப்டீங்களான்னுகூட கேட்டார். என்னை அப்படிக் கேட்கிறதுக்கு யாரும் இல்ல மேடம், அதான் நல்லா ஞாபகம் இருக்கு.”

“பின்னாடி பம்ப் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?”

“பம்ப் இல்ல. யாரோ ஒரு அம்மா வரிசையா பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. மருந்து வாங்கிக்க வரச் சொல்லி.”

துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். “தம்பி, புள்ளிதான் பொய். உங்க கணக்கு நிஜம். அதை மட்டும் பிடிச்சுக்குங்க” என்று சொல்லி போனை வைத்தார்.

அந்திவெயில் தெருவில் நீண்டு கிடந்தது. ரேடியோ செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டே வந்தான். “அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? வளைஞ்ச குழாயை மட்டும் போலீஸ்ல காட்டுவோம். பம்ப்காரர் வெளியே வந்துடுவார். அதிகாரியோட சம்சாரத்துகிட்ட புள்ளி விஷயத்தைச் சொல்ல வேண்டாமே. செத்தவரை மறுபடி எதுக்குச் சாகடிக்கணும்?”

“நானும் அதைத்தான் யோசிச்சேன். போலீஸ் என்ன கேட்கும்? ‘இந்த வளைவோட சேர்த்து அளந்தப்பவே அழுத்தம் சரியா இருந்திருக்கே, இப்ப மட்டும் என்ன வந்துச்சு?’ன்னு கேட்கும். அந்தப் புள்ளிங்க நிஜம்னு இருக்கிற வரைக்கும் பெரியவர் உள்ளேதான். புள்ளி வானத்துல நிக்குதுன்னு காட்டினா, தூரத்தைத் தப்பா எழுதிட்டாங்கம்பாங்க. அந்த அதிகாரி அன்னிக்குக் கிடங்குலயே இல்ல, ஏதோ ஆஸ்பத்திரியில இருந்தார்னு சொல்ல ஒருத்தர் வேணும்.”



இறந்தவரின் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவர் மனைவிக்கு நாற்பது வயது இருக்கும். கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தவர், இவர்களைக் கண்டதும் எழுந்தார்.

“கதவைச் சாத்தினா உள்ளே ரொம்ப அமைதியா இருக்கு மேடம், அதான் திறந்தே வச்சிருக்கேன்” என்றார், கேட்காமலேயே. “அவன் வால்வைத் திறக்கலைன்னு நிரூபிச்சாச்சா?”

துப்பறிவாளர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஒண்ணே ஒண்ணு கேட்கணும்மா. போன வருஷம் கிடங்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி குழாயைச் சோதிச்சாங்களே, அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் எங்கே இருந்தார்?” என்று, தாளில் போட்டிருந்த தேதியையும் சொன்னார்.

அந்த அம்மா யோசிக்கக்கூட இல்லை. “என் பக்கத்துல” என்றார். இத்தனை நாளில் அந்த முகம் மலர்ந்து துப்பறிவாளர் பார்த்தது அப்போதுதான்.

“எனக்கு அன்னிக்கு வயித்துல ஆபரேஷன். அவர் லீவே போடாத மனுஷன் மேடம். எனக்குக் காய்ச்சல்னாலும் சரி, எங்கப்பா போனப்பவும் சரி, கிடங்கு கிடங்குன்னு ஓடினவர். எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? அன்னிக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுக் கிளம்பறதாத்தான் இருந்தார். முக்கியமான வேலை, தான் இல்லைன்னா நடக்காதுன்னார். போங்கன்னுதான் நானும் சொன்னேன். என் கை நடுங்கறதைப் பார்த்துட்டார். அப்படியே உட்கார்ந்துட்டார்.” அவர் தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டார். “கண் முழிச்சுப் பார்க்கிறேன், பக்கத்துலயே இருக்கார். மடியில கம்ப்யூட்டரை வச்சுத் தட்டிக்கிட்டு, யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டு. ஒரு கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டே. கல்யாணமாகி அந்த ஒரு நாள்தான் அவர் முழுசா எனக்குன்னு இருந்தார். அந்த நாளை வச்சுக்கிட்டுத்தான் மேடம் நான் இந்த ஒரு மாசத்தை ஓட்டினேன்.”

 எழுந்து போய்விடலாமா என்றுகூடத் துப்பறிவாளருக்கு ஒரு கணம் தோன்றியது. இந்தப் பெண்ணிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு நாள்தான். அதிலும் போய்க் கைவைக்கச் சொல்கிறது இந்தப் பாழாய்ப்போன தொழில். ஆனால் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெரியவரின் முகமும் கண்ணை விட்டு அகல மறுத்தது. எதையும் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். வளைந்த குழாய், நீலக்கோடு, வால், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு போட்ட ஆறு புள்ளிகள், எல்லாவற்றையும்.

அந்த அம்மா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும், “அப்போ யாரும் அவரைக் கொல்லல” என்றார்.

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, தீப்பிடிச்ச அன்னிக்கு எல்லாரையும் கீழே அனுப்பிட்டு அவர்தானே நின்னார். அது சோதிக்காத குழாய்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் வேற யார் கையிலயும் அதைக் குடுக்கலையோ என்னவோ.”

“தெரிஞ்சேதான் நின்னாரா?”

ரேடியோ துப்பறிவாளரைப் பார்த்தான். துப்பறிவாளர் தலையை அசைத்தார். “அது யாருக்கும் தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா அதுவும் பொய்யாத்தான் இருக்கும்.”

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு அவர் வேலைக்குப் போயிருந்தா, அந்த வளைவைக் கண்டுபிடிச்சிருப்பார். இன்னிக்கு இருந்திருப்பார். நான் அன்னிக்குத் தனியா கிடந்திருப்பேன்.” அவர் வாசலிலிருந்து பார்வையைத் திருப்பினார். “உனக்கு எது வேணும்னு யாராவது கேட்டா, எனக்கு இப்பவும் சொல்லத் தெரியல மேடம்.”

துப்பறிவாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லிட்டிருந்தது. 

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். “வாங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம். பெரியவர் மேல புகார் குடுத்தது நான்தானே. என் வீட்டுக்காரர் சோதனை அன்னிக்குக் கிடங்குல இல்ல, என் பக்கத்துல இருந்தார்னு நானே எழுதிக் குடுக்கறேன்.”

“காலையில ஒரு வக்கீலோட போகலாம்மா” என்றார் துப்பறிவாளர். “இப்பவே சொன்னா உங்க வீட்டுக்காரர் பேர் நாளைக்குள்ள ஊர் முழுக்க நாறிடும். யோசிச்சுக்குங்க.”

“நாறட்டும் மேடம்.” அந்த அம்மா வாசல்படியில் நின்று திரும்பினார். “அந்தப் பெரியவருக்கும் வீட்ல ஒருத்தி இருப்பாள்ல? அவளும் என்னை மாதிரிதானே ஒரு மாசமா தனியா படுத்துக் கிடப்பா. அவளுக்காவது இன்னிக்கே ஆள் வீடு வந்து சேரட்டும்.”